கியூஆர் அட்டை வைத்தால் கடை டிஜிட்டல் ஆகிவிடுமா?

வியாபாரம் டிஜிட்டலுக்கு மாறிவிட்டதா என்று சிறு வியாபாரிகளிடம் கேட்டால், பலர் காசு மேசையில் உள்ள லங்கா கியூஆர் அட்டையையும் கைத்தொலைபேசியில் உள்ள பேஸ்புக் பக்கத்தையும் எனக்குக் காட்டுவார்கள். இரண்டும் தேவைதான். ஆனால் அவை தொடக்கம் மட்டுமே.

டிஜிட்டல் முதிர்ச்சியை அளக்க, எத்தனை கருவிகள் இருக்கின்றன என்று எண்ணுவது போதாது. அவை தரும் தகவலை வைத்து முடிவெடுக்கிறோமா என்று பார்க்க வேண்டும். அதற்கு நான்கு கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன்.

முதலாவது: கடந்த மாதம் எந்தப் பொருள் அதிக இலாபம் தந்தது என்று உடனே சொல்ல முடியுமா?

இரண்டாவது: விற்பனை, கையிருப்பு, கடன் மூன்றும் ஒரே இடத்தில் பதிவாகின்றனவா? ஓடர் வட்ஸ்அப்பிலும், கடன் கொப்பியிலும், கியூஆர் பணம் வங்கிக் கணக்கிலும் தனித்தனியே கிடந்தால் முழுக் கணக்கு யாருக்கும் தெரியாது.

மூன்றாவது: கடவுச்சொற்கள் யாரிடம் இருக்கின்றன? பக்கத்தை நடத்திய மகன் வெளிநாடு போனதும் வியாபாரத்தின் டிஜிட்டல் பாதி நின்றுவிடக் கூடாது.

நான்காவது: சமூக ஊடகம் முடங்கினால் என்ன செய்வீர்கள்? 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போதும், 2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் இந்நாட்டில் அவை முடக்கப்பட்டன. வாடிக்கையாளர் இலக்கங்கள் வேறெங்கும் இல்லையென்றால், அந்த நாட்களில் கடையும் பூட்டியதுபோலத்தான்.

இது வெறும் நவீன மோகம் அல்ல. 2024 ஜனவரியில் வற் பதிவுக்கான வருடாந்த விற்பனை எல்லை 80 மில்லியன் ரூபாவிலிருந்து 60 மில்லியனாகக் குறைக்கப்பட்டது. அதனால் முன்பு அந்த எல்லைக்குள் வராத வியாபாரங்களும் ஒழுங்கான கணக்கு வைக்க வேண்டியுள்ளது. கடன் கேட்டுப் போனால் வங்கியும் வரவு செலவைத்தான் கேட்கும். அதைக் காட்ட முடியாதவருக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது காணி உறுதியும் அடகு வைக்கும் நகையும்தான்.

முதற் கேள்விக்கே 'இல்லை' என்பது பதிலானால், இணையத்தளம் அமைக்கவோ விலை கூடிய மென்பொருள் வாங்கவோ அவசரப்பட வேண்டாம். ஒரு சாதாரண எக்செல் தாளில் மூன்று மாதம் தினமும் கொள்முதல் விலை, விற்ற விலை, கடன் ஆகியவற்றைப் பதியுங்கள். அதன் பிரதியொன்றை வேறிடத்தில் வையுங்கள். அடுத்து எந்தக் கருவி வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லும்.