குறவஞ்சியிலிருந்து திரைக்கு: குறத்தி வேடமும் நடிகையர் வார்ப்பும்

திறவுச்சொற்கள்: குறவஞ்சி, குறத்தி, நரிக்குறவர், வேடப்புனைவு, இனவார்ப்பு

முன்னுரை

தமிழ்த் திரையில் குறத்தி ஒரு பாத்திரமாக அமைந்ததைவிட ஒரு வேடமாக அமைந்ததே மிகுதி. கதைத்தலைவியாக நடிப்பவர் ஒரு பாடலளவில் அவ்வேடத்தைப் புனைகிறார். பாடல் முடிந்ததும் களைகிறார். இவ்வழக்கின் இலக்கியப் பின்புலத்தையும் அதனால் விளைந்த இனத்திரிபையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இலக்கியத்தில் குறத்தி

தாமிரபரணியின் துணையாறான சிற்றாறு தோன்றும் குற்றாலப் பகுதியைக் களமாகக் கொண்டு, மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குற்றாலக் குறவஞ்சியை இயற்றினார். அதில் தலைவி வசந்தவல்லி. குறி சொல்பவள் சிங்கி. தலைவிக்கும் குறத்திக்குமான இப்பாகுபாடு மேடைக்கும் திரைக்கும் முன்மாதிரியாயிற்று எனலாம். எனினும் சிங்கி வெறும் துணைமாந்தர் அல்லள். தன் மலைவளத்தைத் தானே பெருமிதத்துடன் கூறுகிறாள். தான் அணிந்துள்ள அணிகலன்கள் குறி சொல்லிப் பெற்ற பரிசில்கள் எனச் சிங்கனுக்கு விடையிறுக்கிறாள். குறி சொல்லுதல் அவளுக்குத் தொழில். அத்தொழிலே அவளது மதிப்பு.

திரையில் நேர்ந்த திரிபு

எம்.ஜி.ஆரின் 100-ஆவது படமான ‘ஒளிவிளக்கு’ (1968), அவரும் ஜெயலலிதாவும் நரிக்குறவராக வேடமிட்டு ஆடும் பாடற்காட்சியைக் கொண்டது. இத்தகைய காட்சிகளில் பாசிமணியும் ஊசியும் விற்கும் நரிக்குறவரும், குறிஞ்சித்திணைக்குரிய குறவரும் பொதுமக்கள் மனத்தில் ஒன்றாயினர். நரிக்குறவரின் தாய்மொழி வாக்ரிபோலி. அஃது இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சார்ந்தது. ஆகவே இவ்விரு இனத்தாரையும் ஒன்றெனக் கொள்வது மொழியியல் அடிப்படையிலும் பொருந்தாது.

இவ்வழக்கு நடிகையரையும் இருவகையில் கட்டுப்படுத்துகிறது. முதலாவது, அவ்வினப் பெண்ணின் உருவம் திரையில் இடம்பெறினும் அவ்வினப் பெண்ணுக்கு நடிகையாகும் வாய்ப்பு அமைவதில்லை. இரண்டாவது, தலைவிக்குரிய தோற்றம் முன்னரே வரையறுக்கப்படுகிறது. நிறம் காரணமாகத் தமக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டதை நடிகை ஐஸ்வர்யா ராஜேஷ் பொதுமேடையில் எடுத்துரைத்துள்ளமை இங்குக் கருதத்தக்கது.

பெயர் இழந்த குறத்தி

த.செ. ஞானவேல் இயக்கிய ‘ஜெய் பீம்’ (2021) படத்தில் செங்கேணி என்னும் இருளர் பெண்ணாகக் கேரளத்தைச் சேர்ந்த லிஜோமோள் ஜோஸ் நடித்தார். இருளர் மக்களுடன் பழகிப் பயிற்சி பெற்றே அவர் நடித்தார், அவ்வுழைப்பு மதிக்கத்தக்கது. ஆயின் அப்படத்திற்கு அடிப்படையான 1993-ஆம் ஆண்டு நிகழ்வில் பாதிக்கப்பட்டது குறவர் குடும்பம். ஆடிப்பாடும் வேடமாக இருந்தவரை நிலைத்த குறத்தி என்னும் பெயர், நீதி கேட்டு வழக்காடும் பெண்ணாக அவள் வந்தபோது மறைந்தது. இருளர் துயரை வெளிக்கொணர்ந்த அப்படத்தின் பயனை இது குறைப்பதன்று. பெயர் மாற்றத்தின் விளைவையே இங்குச் சுட்டுகிறோம்.

முடிவுரை

நெல்லைப் பகுதிக் கோயில் கொடைவிழாக்களிலும் அறிமுகமான குறவன் குறத்தி ஆட்டத்திற்கு 2023-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. வேடத்தை விலக்குவது முதற்படியே. வேடத்திற்குப் பின்னுள்ள மாந்தரை அவர்தம் பெயராலும் தொழிலாலும் காட்டுவதே அடுத்த படி. குற்றாலக் குறவஞ்சியின் சிங்கி தன் மலையைத் தானே பாடினாள். தமிழ்த் திரை அவளிடமிருந்து உடையை எடுத்துக்கொண்டது, குரலை எடுத்துக்கொள்ளவில்லை.