உஷார்! ஒரு ஜோடி ஸ்பிரிங் காலில் நாலு பேர் ஏறாதீர்கள்

கொல்லிமலைக்குக் கிளம்பும் வண்டியின் டிக்கியில் ஜம்பிங் ஸ்டில்ட்ஸ் ஒரு ஜோடி இருக்கிறதா? தயவுசெய்து அதை வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போங்கள். கொண்டுபோயே தீருவேன் என்று அடம்பிடிக்கும் பையனோ தம்பியோ உங்கள் வீட்டில் இருந்தால், அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து இதை முழுக்கப் படித்துக் காட்டுங்கள்.

காலில் கட்டிக்கொண்டு துள்ளும் ஸ்பிரிங் கால்கள் இவை. பாதத்துக்கு ஒரு தட்டு, முழங்காலுக்குக் கீழே ஒரு கவ்வுப் பட்டை, காலுக்குப் பின்னால் வளைந்து நிற்கும் கண்ணாடி இழை ஸ்பிரிங், நுனியில் ஒரு சின்ன ரப்பர் குளம்பு. ஜெர்மனியைச் சேர்ந்த பொறியாளர் அலெக்சாண்டர் போக் உருவாக்கியது; 2004-ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. 2008 ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக் நிறைவு விழாவில் கலைஞர்கள் இதைக் கட்டிக்கொண்டு துள்ளியதை உலகமே பார்த்தது. இன்று இணையக் கடையில் பணம் கட்டினால் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். பெய்ஜிங்கில் துள்ளியவர்கள் பயிற்சி எடுத்த கலைஞர்கள். அவர்கள் காலுக்குக் கீழே இருந்தது சமதளமான அரங்கம். பார்சலில் பயிற்சி வராது, அரங்கமும் வராது.

டூர் போகிற இடத்தில் வழக்கமாக என்ன நடக்கும்? பொருளை வாங்கியவர் ஒருவர். "மச்சி, எனக்கு ஒரு ரவுண்டு குடுடா" என்று வரிசையில் நிற்பவர்கள் நாலு பேர். கட்டை அவிழ்த்து அடுத்தவன் காலில் மாட்டி, பட்டையை இழுத்துவிட்டு, "போ, போ" என்று கைதட்டுவார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஒரு ஜோடி ஸ்பிரிங் கால் ஓர் உடம்புக்குத்தான். எடை மாறினால் ஸ்பிரிங் மாற வேண்டும்; கால் நீளம் மாறினால் கவ்வுப் பட்டையின் உயரம் மாற வேண்டும்; ஷூ அளவு மாறினால் பாதக் கட்டு மாற வேண்டும். மூன்றில் ஒன்று தப்பினாலும் விழுவீர்கள்.

எடை: ஒரு கிலோ கூடப் பொய் வேண்டாம்

ஒவ்வொரு ஸ்பிரிங்கும் இத்தனை கிலோ முதல் இத்தனை கிலோ வரை என்று கணக்குப் போட்டே செய்யப்படுகிறது. 50 முதல் 70, 70 முதல் 90 என்பதுபோல அந்த எண் ஸ்பிரிங்கின் மேலோ கையேட்டிலோ இருக்கும். இதை விளக்க, கொல்லிமலை இருக்கும் நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு வாத்தியார் தேவையில்லை. லாரியின் ஸ்பிரிங் பட்டை எத்தனை டன் தாங்கும், ஓவர்லோடு ஏற்றினால் அது எங்கே முறியும் என்பது இந்த மாவட்டத்தில் கிளீனர் பையனுக்கும் தெரியும். காலில் கட்டும் ஸ்பிரிங்குக்கும் அதே நியாயம்தான்.

55 கிலோ உள்ளவருக்கு வாங்கியதில் 80 கிலோ நண்பர் ஏறினால் ஸ்பிரிங் அளவுக்கு மீறி மடங்கும். துள்ளி இறங்கும்போது காலில் விழும் விசை உடம்பு எடையைப்போலப் பல மடங்கு. அந்த நேரத்தில் ஸ்பிரிங் முறிந்தால், முறிகிற காலின் பக்கமாகவே ஆள் சரிவார். தலைகீழ் நிலைமையும் ஆபத்துதான். 85 கிலோக்காரரின் ஸ்பிரிங்கில் 50 கிலோ தம்பி ஏறினால் அது போதிய அளவு மடங்காது. விறைப்பான கட்டையில் நிற்பதுபோல் ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் நேராக முழங்காலுக்கும் இடுப்புக்கும் போகும். கொஞ்சம் எம்பினாலும் ஸ்பிரிங் அவனை எதிர்பாராத பக்கம் தள்ளிவிடும்.

எனவே எடைமெஷினில் ஏறிப் பாருங்கள். ஷூ, ஹெல்மெட், முழங்கால் கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு ஏறுங்கள். போன வருஷத்து எடையைச் சொல்லாதீர்கள். வளரும் பிள்ளைகளுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடியும் பாருங்கள். எடை எண் அழிந்துபோன, கையேடு இல்லாத பழைய ஜோடியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

கட்டும் முறை: உட்கார்ந்து, நிதானமாக

நின்றுகொண்டு ஒற்றைக் காலில் மாட்டக் கூடாது. உயரமான பெஞ்சிலோ திண்ணையிலோ உட்காருங்கள். கணுக்காலைப் பிடிக்கும் உறுதியான, லேஸ் கட்டும் ஷூ அவசியம். செருப்பு, சாண்டல், தளர்ந்த கேன்வாஸ் எதுவும் கூடாது.

முதலில் பாதம். குதிகாலைப் பின்பக்கம் முட்டும்வரை தள்ளுங்கள். பிறகு மேல்பாதப் பட்டை, விரல் பக்கப் பட்டை. இறுக்கியதும் குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். தட்டிலிருந்து கிளம்பினால் கட்டு போதாது. அதே நேரம் விரல்களை உள்ளே அசைத்துப் பாருங்கள். அசைக்க முடியவில்லை, மரத்துப்போகிறது என்றால் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள்.

அடுத்து முழங்கால் கவ்வு. எல்லோரும் தப்புச் செய்யும் இடம் இதுதான். காலை நாற்காலியில் உட்காரும் வாக்கில் மடக்குங்கள். முழங்கால் சிப்பியின் அடி விளிம்பைத் தடவிப் பார்த்து, அதற்குக் கீழே இரண்டு விரல் வையுங்கள். கவ்வின் மேல் விளிம்பு அங்கே நிற்க வேண்டும். அதற்கு மேலே ஏறினால், குனியும் ஒவ்வொரு தடவையும் சிப்பியில் இடிக்கும். ரொம்பக் கீழே இறங்கினால் கெண்டைக்காலை நெரிக்கும், ஸ்டில்ட் முன்னும் பின்னும் ஆடும். உயரத்தை மாற்றப் பக்கக் கம்பியில் போல்ட் துளைகளோ நகர்த்தும் அமைப்போ இருக்கும். இரண்டு காலுக்கும் ஒரே அளவு வையுங்கள்.

இடது, வலது மாறாமல் பாருங்கள். கொக்கிகள் எல்லாம் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்பக்கம் திரும்பிய கொக்கி மற்றக் காலின் பட்டையில் மாட்டிக்கொண்டால், இரண்டு காலும் ஒன்றாகப் பின்னி ஆளை முகங்குப்புறத் தள்ளிவிடும். தொங்கும் பட்டை நுனிகளை உள்ளே செருகிவிடுங்கள்.

பத்து நிமிடம் நடந்தபின் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவிழ்த்துப் பாருங்கள். கணைக்கால் எலும்பின் மேல் ஆழமான சிவப்புத் தடம் இருந்தால் அந்த இடத்தில் பஞ்சு மெத்தை சரியாக உட்காரவில்லை. 'பழகினால் சரியாகிவிடும்' என்று விடாதீர்கள். வலிக்கும் காலை நாம் அறியாமலே சாய்த்து வைப்போம். சாய்த்து வைத்தால் விழுவோம்.

ஏறும் முன் ஒரு துணி, ஒரு ஸ்பேனர்

மெல்லிய பருத்தித் துணியால் ஸ்பிரிங்கை மேலிருந்து கீழாகத் துடையுங்கள். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே கண்ணாடி இழை பிய்ந்து நிற்கிறது. வெறுங்கையால் தடவாதீர்கள், சிலாம்பு ஏறிவிடும். வெள்ளைக் கோடோ விரிசலோ தெரிந்தால் அந்த ஸ்பிரிங்கின் கதை முடிந்தது. பசை தடவி டேப் சுற்றி ஓட்டவே கூடாது. எல்லா போல்ட்டையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். புது ஜோடியில் முதல் தடவை ஓடியபின் கண்டிப்பாக மறுபடியும் பாருங்கள். ரப்பர் குளம்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். தரையைத் தொடுவது அது ஒன்றுதான்.

கொல்லிமலையில் ஏன் கூடவே கூடாது?

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனாலும் மேடு, பள்ளம், வளைவு. சீக்குப்பாறை காட்சிமுனையில் விளிம்புக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு. ஆகாய கங்கைக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் சாதாரணக் காலோடு இறங்குகிறவர்களுக்கே முழங்கால் நடுங்கும். மாசிலா அருவிப் பக்கம் ஈரம், பாசி. காப்பி, மிளகுத் தோட்டத்து மண்ணில் சருகு மூடிய குழிகள். காலையில் பனிமூட்டம் இறங்கினால் எதிரே வருகிற வண்டியே தெரியாது.

ஸ்பிரிங் காலில் அசையாமல் நிற்க முடியாது. ரப்பர் நுனி அவ்வளவு சின்னது. இருந்த இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிரேக் என்று தனியாக எதுவும் கிடையாது, அடியைக் குறுக்கித்தான் வேகத்தைக் குறைக்க முடியும். இறக்கத்தில் அதுவும் முடியாது. ஒவ்வொரு துள்ளலும் உங்களை முன்னே தள்ளும், அடி தானாக நீளும். பயந்து பின்னால் சாய்ந்தால் முதுகும் தலையும் தரையில். ஈரத்தில் ரப்பர் வழுக்கும், மண்ணில் நுனி புதையும். பாதக் கட்டு தானாகக் கழன்று கொடுக்காது. நுனி மாட்டிக்கொண்டு உடம்பு மட்டும் திரும்பினால் முறுக்கு முழுவதும் முழங்காலுக்கும் கணைக்கால் எலும்புக்கும்தான்.

ஆடி 17, 18-ல் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. சாலையெல்லாம் வண்டி, சனம், குழந்தைகள். அந்தக் கூட்டத்தில் ஒன்றரை அடி உயரத்தில் துள்ளுகிறவர் விழுந்தால் தனியாக விழமாட்டார்.

கட்டைக்கால் நமக்குப் புதிதல்ல

சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் மரக்காலும் ஒன்று. தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரைக் கலைஞர்கள் இன்றும் மரக்கட்டையைக் காலில் கட்டிக்கொண்டு நையாண்டி மேளத்துக்கு ஆடுகிறார்கள். அவர்களைப் பார்த்து நாம் கற்க வேண்டியது கட்டும் பொறுமையைத்தான். கட்டிக்கொண்டு நிற்கப் பழகி, நடக்கப் பழகி, அப்புறமே ஆட்டம். ஸ்பிரிங் வைத்த காலுக்கு அந்த வரிசை இன்னும் அவசியம். முதல் நாள் துள்ளவே கூடாது. சமதளமான, காய்ந்த, வண்டி வராத மைதானத்தில் சுவரையோ இரண்டு பக்கமும் இரண்டு ஆளையோ பிடித்துக்கொண்டு முழங்காலை உயர்த்தி நடக்க வேண்டும். பிறகு திரும்புவது, வேகம் குறைப்பது, முழங்கால் கவசத்தின் மேல் முன்பக்கமாக விழுவது. இவை கைவந்த பின்தான் துள்ளல். ஹெல்மெட், மணிக்கட்டுக் கவசம், முழங்கை, முழங்கால் கவசம் நாலும் இல்லாமல் யாரும் ஏறக் கூடாது.

விழுந்துவிட்டால்?

கையைப் பிடித்து இழுத்து நிற்க வைக்காதீர்கள். காலை முறுக்காமல் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் திறந்து ஸ்டில்ட்டை விலக்குங்கள். எண்ணெய் போட்டு நீவாதீர்கள், உருவாதீர்கள். கால் கோணலாகத் தெரிந்தால், இருக்கிற நிலையிலேயே அட்டையோ பலகையோ வைத்துக் கட்டி 108-ஐக் கூப்பிடுங்கள். தலையில் பட்டிருந்தால், பேசுகிறாரே, சிரிக்கிறாரே என்று விட்டுவிடாதீர்கள். டாக்டர் பார்த்தே ஆகவேண்டும். பெரிய சிகிச்சை வேண்டுமென்றால் வளைவு வளைவாக மலையை விட்டு இறங்க வேண்டும். முறிந்த எலும்போடு ஒவ்வொரு வளைவையும் கடப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மலைக்குப் போங்கள், அருவியில் குளியுங்கள், அறப்பளீஸ்வரரைக் கும்பிடுங்கள், வாசலூர்ப்பட்டியில் படகு விடுங்கள். ஸ்டில்ட்ஸை ஊர் மைதானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் நண்பன் வந்து "ஒரு ரவுண்டு குடுடா" என்று கேட்டால் கோபித்துக்கொள்வானே என்று தயங்காதீர்கள். "இது என் எடைக்கு, என் காலுக்கு வாங்கியது. உனக்குத் தர மாட்டேன்" என்று நேராகச் சொல்லுங்கள். கோபம் ரெண்டு நாளில் ஆறிவிடும். முறிந்த கால் சேர மாதக்கணக்காகும்.