செருகியை அறியும் கணிப்பொறி

ஹெட்போனைச் செருகியவுடன் கணிப்பொறியின் ஒலிபெருக்கி அடங்கிவிடுகிறது. செருகியின் வரவைப் பொறி எவ்வாறு அறிகிறது?

செருகுதுளையினுள் சிறு உலோகத் தகடு ஒன்று வில்போல் அமைந்துள்ளது. செருகி அதனைத் தள்ளும்போது ஒரு மின்தொடர்பு மாறுகிறது. 2004ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஒலியமைப்பு விதிகளின்படி, நான்கு துளைகளைக் கண்காணிக்க ஒலிச்சில்லில் ஓர் உணர்முனையே போதும். துளைகளுடன் முறையே 39.2, 20, 10, 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இணைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் முந்தியதில் ஏறத்தாழப் பாதியாதலால், எத்துளைகளில் செருகினாலும் மொத்தத் தடை தனித்தனி அளவாகவே அமையும். இவ்வாறு 16 வகை நிலைகளையும் சில்லு பிரித்தறிந்து இயக்கு நிரலுக்கு அறிவிக்கிறது.

செருகப்பட்ட கருவி யாதென்பதைத் தகடு கூறாது. சில சில்லுகள் மின்மறுப்பை அளந்து அதனை ஊகிக்கின்றன. ஹெட்போனில் அது பெரும்பாலும் சில பத்து ஓம்களே. தனி மின்பெருக்கியுடைய ஒலிபெருக்கியிலோ பல ஆயிரம் ஓம். இவ்வசதியற்ற பொறிகள் சில, பயன்படுத்துவோரையே வினவுகின்றன.

தூசியாலோ தேய்வாலோ தகடு மீளாது நின்றுவிட்டால், ஹெட்போனை அகற்றிய பின்னரும் அது இருப்பதாகவே பொறி கருதும். வகுப்பறையில் ஒலிபெருக்கி ஊமையாகும். அப்பொழுது ஒலிபெருக்கி பழுதென்று உடனே முடிவு செய்தல் கூடாது. செருகியைச் சிலமுறை செருகி எடுத்துப் பார்த்தலே முதலில் செய்யத்தக்கது.