கரும்பலகையும் கையெழுத்துப் பிரதியும் – 7: சம்பளம் பேசிய நாவலாசிரியர்

நட்சுமே சோசெகி தன் முதல் நாவலைத் தொடங்கியபோது வயது 37. அப்போது அவர் தோக்கியோவில் ஒரே நேரத்தில் மூன்று கல்வி நிலையங்களில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தார். 1916 டிசம்பர் 9 அன்று வயிற்று அல்சரில் ரத்தம் கசிந்து இறந்தபோது வயது 49. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில்தான் ஜப்பானிய நவீன நாவல் தன் உருவத்தைக் கண்டடைந்தது. அதில் முதல் இரண்டு ஆண்டுகள் வாத்தியார் வேலையோடு சேர்ந்தே கழிந்தன.

டி.எச். லாரன்ஸும் கிராய்டன் பள்ளியும் நிமோனியாவும் சென்ற இதழோடு முடிந்தன. திரும்பச் சொல்ல இடமில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் இங்கே தேவை. பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டாம் என்று லாரன்ஸிடம் சொன்னவர் மருத்துவர். சோசெகியிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவர் கணக்குப் போட்டுப் பார்த்து, எழுத்தில் உத்தரவாதம் வாங்கிக்கொண்டு விலகினார்.

இயற்பெயர் நட்சுமே கின்னோசுகே. 1893-இல் தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் முடித்தவருக்கு முதலில் தலைநகரிலேயே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை. 1895-இல் திடீரென்று ஷிகோகு தீவிலுள்ள மட்சுயாமாவின் நடுநிலைப் பள்ளிக்குப் போனார். அங்கே மாதச் சம்பளம் 80 யென். தலைமையாசிரியருக்கு 60 யென்தான். இந்த இருபது யென் இடைவெளி ஆசிரியர் அறையில் எப்படிப் பேசப்பட்டிருக்கும் என்பதை ஊகிக்கக் கஷ்டமில்லை. பதினோரு ஆண்டு கழித்து அந்த ஊரை வைத்தே அவர் எழுதிய 'போச்சான்', இன்றும் ஜப்பானியப் பிள்ளைகள் படிக்கும் ஆசிரியர் அறைக் கதை.

மட்சுயாமா வீட்டில் மாடியில் சோசெகி, கீழே 52 நாள் விருந்தாளியாக நண்பர் மசவோக்கா ஷிகி. ஹைக்கூவைப் புதுப்பித்த கவிஞர், காசநோயாளி. அக்கம்பக்கத்துக் கடையிலிருந்து சுட்ட விலாங்கு மீன் வரவழைத்துச் சாப்பிடுவார், புறப்படும்போது கணக்கை நீ தீர்த்துவிடு என்பார். வழிச்செலவுக்கும் பத்து யென் போலக் கடன் வாங்கிப் போனார். வாங்கிய பணம் முழுவதும் இங்கேயே தீர்ந்தது என்று நாரா நகரிலிருந்து மரியாதையாக ஒரு கடிதமும் போட்டார். சோசெகியே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது. ஷிகியைச் சுற்றியிருந்த கவிஞர்களின் பத்திரிகையான 'ஹொடொடொகிசு' இல்லாவிட்டால் சோசெகி நாவலாசிரியர் ஆகியிருப்பாரா என்பது சந்தேகம். அந்த வகையில் விலாங்கு மீன் கணக்கு நேராகிவிட்டது.

1896-இல் குமமோட்டோ உயர்நிலைக் கல்லூரி, 100 யென். அதே ஆண்டு கல்யாணம். 1900-இல் கல்வி அமைச்சகம் அவரை இரண்டு ஆண்டு லண்டனுக்கு அனுப்பியது. உதவித்தொகை ஆண்டுக்கு 1,800 யென். லண்டன் விலைவாசிக்கு அது போதவில்லை. இருந்ததையும் புத்தகத்தில் போட்டார். அறையைப் பூட்டிக்கொண்டு படித்துப் படித்து நரம்புத் தளர்ச்சி முற்றியது. நட்சுமேவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தோக்கியோவரை செய்தி போனது. மனம் தெளிய சைக்கிள் பழகச் சொன்னாள் விடுதிக்காரி; விழுந்து எழுந்ததை அவர் பின்பு நகைச்சுவையாக எழுதினார். நோயைக் கட்டுரையாக்கும் பழக்கத்துக்கு அது ஆரம்பம்.

1903-இல் திரும்பியதும் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை, ஆண்டுக்கு 800 யென். முதலாம் உயர்நிலைக் கல்லூரியில் இன்னொரு வேலை, 700 யென். அடுத்த ஆண்டு மெய்ஜி பல்கலைக்கழகத்திலும் மாதம் 30 யென்னுக்குப் பாடம். பல்கலைக்கழகத்தில் அவருக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் லாஃப்கடியோ ஹெர்ன். மாணவர்கள் உயிரையே வைத்திருந்த ஆசிரியர். அவரை அனுப்பிவிட்டு இவரைக் கொண்டுவந்தார்கள் என்ற கோபம் வகுப்பில் இருந்தது. ஹெர்ன் கவிதையைக் கவிதையாக நடத்தினார். இவர் இலக்கியக் கோட்பாட்டைப் பகுத்துப் பகுத்து நடத்தினார். பையன்களுக்குச் சலித்தது. பிறகு ஷேக்ஸ்பியர் நாடகங்களை எடுத்ததும் அறை நிரம்பி வழிந்தது.

அதே 1903 மே மாதம், பாடத்தைத் தயாரித்துவராததற்காக அவர் கண்டித்த உயர்நிலைக் கல்லூரி மாணவர் ஃபுஜிமுரா மிசாவோ சில நாட்களில் தன்னை மாய்த்துக்கொண்டார். காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் ஏற்கெனவே தளர்ந்திருந்த ஆசிரியருக்கு அது பெரிய அடி. அந்தக் கோடையில் மனைவியும் குழந்தைகளும் ஏறக்குறைய இரண்டு மாதம் தாய்வீட்டில் இருக்க நேர்ந்தது.

எழுத்து இங்கேதான் மருந்தாக வருகிறது. 1904 இறுதியில் ஹொடொடொகிசுவின் ஆசிரியர் தகஹாமா கியோஷி, மனசுக்கு ஆறுதலாக ஏதாவது எழுதிப்பாருங்கள் என்றார். வீட்டுக்குள் தானாக நுழைந்து, விரட்ட விரட்டத் திரும்பிவந்த ஒரு பூனையின் வாயிலாக ஒரு கதை எழுதினார். 1905 ஜனவரி இதழில் 'நான் ஒரு பூனை' வந்தது. ஒரே இதழோடு முடிய வேண்டியது, வாசகர்கள் விடாததால் 1906 ஆகஸ்ட் வரை பதினொரு பகுதியாக நீண்டது. பூனையின் எஜமான் குஷாமி ஓர் ஆங்கில ஆசிரியர், அஜீரணக்காரர். வயிறு முட்டச் சாப்பிடுவார், சாப்பிட்டதும் டாகா-டயாஸ்டேஸ் விழுங்குவார், புத்தகத்தைத் திறப்பார், இரண்டு பக்கத்தில் தூங்கிவிடுவார். அந்த மருந்து கற்பனை அல்ல. தகமினே ஜோகிச்சி என்ற ஜப்பானிய வேதியியலாளர் கண்டுபிடித்து விற்பனைக்கு வந்த செரிமான மருந்து. கஷ்டத்தைக் கொடுத்த வேலை, மருந்து, வயிறு எல்லாமே கதைக்குள் போய்விட்டன. தன் நரம்புத் தளர்ச்சிக்கும் பைத்தியப் பட்டத்துக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டவன் என்று, தன் புத்தகங்கள் சிலவற்றைக் குறிப்பிட்டு, 'இலக்கியக் கோட்பாடு' நூலின் முன்னுரையில் அவரே எழுதினார். அதில் பாதி கேலி, பாதி உண்மை.

1906-க்குள் 'போச்சான்', 'குசமகுரா' இரண்டும் வந்துவிட்டன. பரீட்சைத் தாள் திருத்தும் காலத்திலும் எழுத்து நிற்கவில்லை. இப்படி எத்தனை நாள் ஓடும் என்ற கேள்வி எழுந்தது. யோமியுரி பத்திரிகை அணுகியபோது அவர் இணங்கவில்லை. 1907 தொடக்கத்தில் ஆசாஹி ஷிம்புன் வந்தது. பழைய மாணவர் சகமோட்டோ செட்ச்சோ தூது. அந்த மார்ச் மாதம் சகமோட்டோவுக்குச் சோசெகி எழுதிய கடிதம்தான் இந்த வாரப் பக்கத்தில் பெரும்பகுதியைத் தின்னப்போகிறது. தின்னட்டும். எழுத்தாளர்கள் வேலையை விட்ட கதைகள் எத்தனையோ உண்டு, விடுவதற்குமுன் நிபந்தனைகளை எண் போட்டு எழுதிய கதை அபூர்வம்.

முதல் நிபந்தனை பத்திரிகைக்குச் சாதகமானது: தன் இலக்கிய எழுத்து முழுவதையும் ஆசாஹிக்கே தருவார். இரண்டாவது உடனே கடிவாளத்தைத் தன் கைக்கு இழுக்கிறது: எவ்வளவு எழுதுவது, எந்த வகை, எவ்வளவு நீளம், எப்போது என்பதெல்லாம் அவர் விருப்பம். மூன்றாவது காசு: மாதம் 200 யென் சரி, ஆனால் மற்ற ஊழியர்களைப் போல ஆண்டுக்கு இரண்டு முறை போனஸும் வேண்டும். வேறு பத்திரிகைக்குக் கதை கொடுத்தே தீரவேண்டிய நிலை வந்தால் அனுமதி கேட்பார். ஆனால் இரண்டு மூன்று பக்கத் துணுக்குகளுக்கும், பத்திரிகைக்கு ஒத்துவராத ஆய்வுக் கட்டுரைகளுக்கும் யாரையும் கேட்கமாட்டார். விரிவுரையாளரின் ஆய்வு இந்த உட்பிரிவில் தனக்கு ஒரு சந்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது.

கடைசி நிபந்தனைதான் ரசிக்கத்தக்கது. பல்கலைக்கழக வேலை உறுதியானது. அதை விட்டு வருகிறவருக்கு அதே அளவு உறுதி வேண்டும். ஆகவே வேலைக்கு முறையான உத்தரவாதம் தரவேண்டும். யார் தருவது? தலைமை ஆசிரியர் இகெபெ சன்சான் கண்ணியமானவர், வாக்குத் தவறமாட்டார். ஆனால் அவரே ஒருநாள் பத்திரிகையை விட்டுப் போய்விட்டால் இந்த நிபந்தனைகளை யாரிடம் போய்க் கேட்பது? எனவே இகெபெயின் வாக்கு போதாது, முதலாளியும் ஒப்புக்கொள்ள வேண்டும். தனியார் நிறுவனத்தில் சேரும்போது சேர்த்துக்கொள்கிறவர் நாளை இருப்பாரா என்று யோசிக்கும் இந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் கோட்பாடு நடத்திய விரிவுரையாளரிடம் யாரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்க்கலாம். பல்கலைக்கழகம் 800, உயர்நிலைக் கல்லூரி 700, மெய்ஜி 360: ஆண்டுக்கு 1,860 யென், அதற்கு மூன்று இடங்களுக்கு ஓட்டம். ஆசாஹி போனஸ் இல்லாமலே 2,400. வீட்டில் நான்கு பெண்கள். அந்த ஜூனில் முதல் பையனும் பிறந்தான்.

மார்ச் 15-இல் இகெபெ நேரில் வந்தார். ஆகிருதியான மனிதர், அவரைப் பார்த்ததும் சாமுராய்த் தலைவர் சைகோ தகமோரி நினைவுக்கு வந்ததாகச் சோசெகி எழுதியிருக்கிறார். பேச்சு முடிந்தது. பேராசிரியர் பதவி வரும் தருவாயில், ஏப்ரலில் பத்திரிகை ஊழியரானார். தோக்கியோவே வாயைப் பிளந்தது. பல்கலைக்கழக மரியாதை எங்கே, பத்திரிகைக்காரன் மரியாதை எங்கே!

அதற்கு மே மாதம் ஆசாஹியிலேயே பதில் எழுதினார். பத்திரிகை வியாபாரம் என்றால் பல்கலைக்கழகமும் வியாபாரம்தான் என்பது சாரம். 800 யென்னில் குடும்பமும் வாடகையும் நடக்காது, அதனால் மற்றப் பள்ளிகளுக்கு ஓடினார், ஓடியதில் நரம்பு தளர்ந்தது என்று ஒளிவுமறைவில்லாமல் கணக்கு ஒப்புவிக்கிறார். வெளிநாட்டுப் படிப்புக்கான கடமைக் காலம் இரண்டின் இரட்டிப்பு நான்கு ஆண்டு. அந்த ஏப்ரலோடு தீர்ந்தது. தீர்ந்த பிறகும் சாப்பாட்டுக்கு வழியில்லாவிட்டால் சாகும்வரை பல்கலைக்கழகத்தைக் கட்டிப்பிடித்தே இருந்திருப்பாராம். பிறகு நாய்கள். விரிவுரை நடத்தும்போது வெளியே குரைக்கும் நாய்களே தன் விரிவுரைகள் மோசமானதற்குப் பாதிக் காரணம் என்கிறார். நூலகத்தில் பக்கத்து அறை ஊழியர்கள் சத்தமாகப் பேசிச் சிரித்ததைப் புகாராக எழுதியும் பலனில்லையாம். வேலையை விட்ட மறுநாள் முதுகு இலேசாயிற்று, நுரையீரலுக்குள் என்றுமில்லாத அளவு காற்று புகுந்தது. கட்டுரையின் மிடுக்கில் கசப்பு கொஞ்சமும் ஒளிந்திருக்கவில்லை.

உடம்புக்கு இது நன்மை செய்ததா? நரம்புக்குக் கொஞ்சம் செய்தது. வயிற்றுக்குச் செய்யவில்லை. முதல் தொடர் 'குபிஜின்சோ' 1907 ஜூன் 23-இல் தொடங்கியது. மிட்சுகோஷி துணிக்கடை அந்தப் பெயரில் யுகாட்டா என்ற கோடை உடை விற்றது. வகுப்பறை அட்டவணை போய் அச்சகத்தின் அட்டவணை வந்தது. 1908 செப்டம்பரில் அந்தப் பழைய பூனை செத்தபோது கறுப்பு விளிம்பிட்ட அட்டையில் நண்பர்களுக்குச் சாவுச் செய்தி போனது. எஜமான் 'சான்ஷிரோ' எழுதிக்கொண்டிருப்பதால் இறுதிச் சடங்குக்கு யாரும் வரத் தேவையில்லை என்று ஒரு வரியும் அதில் இருந்தது. தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு இந்த வரி ஒன்றே போதும்.

1909-இல் 'சொரேகரா', 1910 மார்ச் முதல் ஜூன் வரை 'மோன்'. 'மோன்' முடிந்த சில நாட்களிலேயே தோக்கியோவின் நகாயோ வயிற்று மருத்துவமனையில் சேர்ந்தார். நோய் அல்சர். அன்றைய வைத்தியத்தில் ஒன்று, கொன்யாக்கு என்ற கிழங்குக் கட்டியைச் சூடாக்கி வயிற்றில் வைப்பது. அது நம் சேனைக்கிழங்கின் இனத்துக் கிழங்கு. தோல் கொப்பளிக்கும்வரை வைத்தார்கள். ஆகஸ்டில் காற்று மாற்றத்துக்கு இசு தீபகற்பத்தின் ஷுசென்ஜி வெந்நீர் ஊற்றுக்குப் போன இடத்தில் நிலைமை மோசமானது. டாக்டரை அனுப்ப ஆசாஹி ஏற்பாடு செய்தது. டாக்டரோடு வந்தவர் அதே சகமோட்டோ. ஆகஸ்ட் 24 இரவு சுமார் 800 கிராம் ரத்தம் வாந்தியெடுத்து அரைமணி நேரம் நினைவிழந்தார். டாக்டர்கள் இருவர் ஜெர்மன் மொழியில், நாடி பலவீனம், பிழைப்பது கடினம், குழந்தைகளை வரச்சொல்லலாமா என்று பேசிக்கொண்டார்கள். நோயாளி கண்ணைத் திறந்து, குழந்தைகளைப் பார்க்க விருப்பமில்லை என்றார். படித்த நோயாளியின் படுக்கையருகே ரகசியம் பேசக்கூடாது என்று அவர்களுக்கு யார் சொல்வது!

தேறியதும் அந்த அரைமணி நேரத்தையும் ஆசாஹிக்கே கட்டுரைகளாக எழுதிக்கொடுத்தார். பத்திரிகையிடம் அவர் கேட்ட உத்தரவாதத்துக்குச் சோதனை அடுத்த ஆண்டு வந்தது. 1911 இலையுதிர்காலத்தில், சோசெகியின் சீடர் மொரிதா சோஹெய் எழுதிய ஒரு தொடர்கதையை ஒட்டி எழுந்த உட்சண்டையில் இகெபெ சன்சான் பதவி விலகினார். 1907 கடிதத்தில் யோசித்தது நான்கே ஆண்டில் நடந்துவிட்டது. சோசெகியும் ராஜினாமா கொடுத்தார், சமாதானப்படுத்தி நிறுத்திக்கொண்டார்கள். இறக்கும்வரை ஆசாஹி ஊழியராகவே இருந்தார்.

காலை நாவலுக்கு, பிற்பகல் சீனக் கவிதைக்கு என்று கடைசி ஆண்டில் அவர் நேரத்தைப் பங்கிட்ட முறையும், விருந்தாளிகளை வியாழக்கிழமைக்கு மட்டும் ஒதுக்கியதும், ஆசிரியர் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்த 'மிச்சிகுசா' நாவலும் இந்த வாரத்துக்கென்று சொல்லியிருந்தவை. கடிதம் இடத்தை எடுத்துக்கொண்டதால் அவை அடுத்த வாரம். துரோகோபிச் ஊர் ஓவிய ஆசிரியர் புரூனோ ஷூல்ஸ் அதற்கடுத்த வாரம் வருவார்.