கடன் வாங்குமுன் ஒரு கணக்கு

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பத்துக்குப் பணக் கஷ்டம் இரண்டு மடங்காகும். சொந்தக் காணியில் இருப்பவருக்கு விளைச்சல் பிழைத்தாலும் வளவில் நாலு தென்னையும் ஒரு முருங்கையும் நிற்கும். பிறர் காணியைக் குத்தகைக்கு எடுத்துச் செய்பவருக்கு அந்த ஆறுதலும் இல்லை.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது காலபோகம் தொடங்கிவிட்டது. 2022 ஏப்ரலில் நாடே தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முன்னைய ஆண்டிலும் பார்க்க ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்திருந்தது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கடன்பட்ட வீடுகள் பல.

கடன்பட்டோர் அதை ஒரு பாவம்போல் மறைக்கின்றனர். கடன் கொடுத்தவரைக் காண வெட்கப்பட்டு ஞாயிறு பூசைக்கு வராமல் விடுவோரும் உண்டு. இது தேவையற்ற பாரம்.

நெகேமியாவின் நாட்களில்

விவிலியத்தில் நெகேமியா நூலின் 5ஆம் அதிகாரத்தை வீட்டில் எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள். அடிமைத்தனத்திலிருந்து திரும்பி வந்த மக்கள் பஞ்சத்தில் தானியம் வாங்குவதற்காக வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் ஈடு வைத்தனர். அரசனுக்கு வரி கட்டவும் கடன்பட்டனர். பிள்ளைகளையே அடிமைகளாகக் கொடுக்கும் நிலை வந்தது. இதைக் கேட்ட நெகேமியா கோபங்கொண்டார். அவர் கடன்பட்டவர்களைக் கடியவில்லை. சொந்தச் சகோதரரிடம் வட்டி வாங்கிய பெரியவர்களையே கூட்டத்தில் நிறுத்திக் கேட்டார். தானும் தன் உறவினரும் கடன் கொடுத்திருப்பதை அவர் ஒளிக்கவில்லை. ஈடு வைத்த நிலங்களும் வாங்கிய வட்டியும் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டுமென்றார். அவர்களும் இணங்கினர்.

இதிலிருந்து நாம் அறிவது இரண்டு. ஒன்று, வறுமையால் வந்த கடன் வெட்கமன்று. மற்றது, கடனைப் பற்றிச் சபையில் வெளிப்படையாகப் பேசலாம், பேசவும் வேண்டும்.

வட்டியைக் கணக்கிடுவது எப்படி?

வீடு தேடி வந்து கடன் தருவோர் “வருடத்துக்கு 24 வீதந்தான்” என்பர். 50,000 ரூபா வாங்கி 12 மாதத் தவணையில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். முழுத்தொகைக்கும் வருடம் முழுவதும் வட்டி போட்டால் வட்டி 12,000 ரூபா. ஆனால் மாதாமாதம் முதலைத் திருப்பிக் கட்டுவதால் வருடம் முழுவதும் அந்த 50,000 ரூபா உங்கள் கையில் இருப்பதில்லை. சராசரியாக இருப்பது 27,000 ரூபா அளவே. அதற்கு 12,000 ரூபா வட்டியென்றால் உண்மை வட்டி ஏறத்தாழ 44 வீதமாகும். அதே 24 வீதத்தை, முதலைச் சம பங்காகக் கட்டி மீதிக்கு மட்டும் கணக்கிட்டால் வட்டி 6,500 ரூபாதான். ஆகவே “எத்தனை வீதம்?” என்பதோடு “முழுத்தொகைக்கா, மீதிக்கா?” என்றும் கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை கையெழுத்து வைக்க வேண்டாம்.

இன்னொன்று, தவணைக் காலம். நெல் வீட்டுக்கு வர மூன்றரை மாதமளவு செல்லும். கிழமைத் தவணையோ அடுத்த கிழமையே தொடங்கும். அதைக் கட்ட வேறொரு கடன், அதற்கு இன்னொன்று. இவ்வாறுதான் பலர் அமிழ்ந்து போகின்றனர்.

விளையுமுன் விற்பதும் கடனே. வியாபாரி 30,000 ரூபா முற்பணம் தந்து, அறுவடையில் கிலோவுக்கு 10 ரூபா குறைத்து 1,500 கிலோ நெல் எடுத்தால் நீங்கள் இழப்பது 15,000 ரூபா. நாலு மாதத்துக்கு 50 வீத வட்டி! வட்டியென்ற சொல் அங்கே வராததால் பலருக்கு அது தெரிவதில்லை.

குடும்பமாகச் செய்யக்கூடியவை

1. ஒரு கொப்பியில் வரவையும் செலவையும் ஒரு மாதம் எழுதுங்கள். கணவன், மனைவி இருவரும் பார்க்க வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் பட்ட கடனே வீட்டைப் பிரிக்கிறது.

2. எல்லாக் கடனையும் வரிசையாக எழுதி, உண்மை வட்டி கூடியதை முதலில் அடையுங்கள்.

3. கோபுரம் கட்ட விரும்புபவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவார் என்று ஆண்டவர் இயேசு சொன்னார். விதை, பசளை, உழவுகூலி, குத்தகை யாவற்றையும் கூட்டிய பின்பே எத்தனை பரப்பு செய்வதென்று முடிவெடுங்கள்.

4. நகையை அடைவு வைத்தால் மீட்கும் திகதியைக் கொப்பியில் குறியுங்கள். அந்தப் பணம் பயிருக்கே போகட்டும்.

5. முதல் நன்மைக்கும் சாமத்திய வீட்டுக்கும் திருவிழாவுக்கும் கடன்பட்டுச் செலவிட வேண்டாம். ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசை ஆண்டவர் பெரிதென்றார். அவள் அதைக் கடன்பட்டுப் போடவில்லை.

சேர்ந்து சேமித்தல்

1846–47 பஞ்சத்தில் ஜேர்மனியின் வையர்புஷ் கிராமத்தில் மேயராயிருந்த ரைஃபைசன் என்ற கிறிஸ்தவர், ஏழைகளுக்கு மாவும் பாணும் கிடைக்க ஒரு சங்கம் அமைத்தார். தருமம் மட்டும் போதாதென்று அனுபவத்தில் கண்டு, 1864இல் விவசாயிகளே அங்கத்தவராகும் கடன் சங்கத்தை நிறுவினார். ஒருவரையொருவர் அறிந்த ஊரவரின் சேமிப்பு, ஒருவருக்கொருவர் பொறுப்பு என்பதே அதன் அடிப்படை. இலங்கையிலும் 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் வந்தது. நமது சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் அந்த வழியில் வந்தவையே.

இடம்பெயர்ந்த இடத்தில் அயலவர் புதியவராயிருக்கலாம். ஆயினும் பத்துப் பெண்கள் கிழமைக்கு 100 ரூபா போட்டால் வருடத்தில் 52,000 ரூபா சேரும். கணக்கைக் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள்; பணத்தை வங்கியில் இரண்டு பேரின் கையெழுத்தில் வையுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில், வட்டிக்காரரின் படலையைத் தட்டாமல் அயல்வீட்டுக் கதவைத் தட்டலாம். நெகேமியா கூட்டிய கூட்டத்தை இன்று நாம் கூட்டுவது இப்படித்தான்.