பக்க ஓரத்துப் புள்ளிகள்

பாகான் செராயில் ஒட்டுக்கடை மேசையில் கிடக்கும் நாளிதழைப் புரட்டும்போது, பக்க ஓரத்தில் சில வண்ணப் புள்ளிகள் வரிசையாகக் கண்ணில் படலாம். அவை அழகுக்காக வைத்தவை அல்ல.

வண்ணப் படம் ஒரே அடியில் அச்சாவதில்லை. சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகளை நான்கு உருளைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிக்கின்றன. ஒரு வண்ணம் கொஞ்சம் விலகினாலும் முகத்தில் உதடு இரண்டாகத் தெரியும். தாளும் சும்மா இருப்பதில்லை. ஆஃப்செட் அச்சில் மையோடு நீரும் படுவதால் நனைந்து விரிகிறது, இழுவிசையில் நீள்கிறது.

தானியங்கி வசதியுள்ள அச்சகங்களில் இந்தப் புள்ளிகளை ஒரு கேமரா கவனிக்கிறது. சுருள் தாள் விநாடிக்கு 10 மீட்டர் ஓடினால், 0.1 மில்லிமீட்டரைக் கடக்க ஒரு விநாடியின் 1,00,000-இல் ஒரு பங்கு போதும். சாதாரணமாகப் படம் பிடித்தால் எல்லாம் கோடாக இழுபடும். அதனால் மிகக் குறுகிய நேரமே மின்னும் விளக்கு, ஓடும் தாளை நிற்பதுபோல் காட்டுகிறது. கணினி புள்ளிகளின் இடைவெளியை அளந்து, விலகிய உருளையை மோட்டாரால் மயிரிழை அளவு திருப்புகிறது.

ஆனால் அளந்த தாள் அதற்குள் கடந்து போயிருக்கும். திருத்தம் அடுத்து வரும் படிகளுக்குத்தான். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் வரும் முதல் படிகள் கழிவாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தப்பி வந்த படி கையில் கிடைத்தால் உருப்பெருக்கியால் பாருங்கள். எந்த வண்ணப் புள்ளி வரிசை தவறியிருக்கிறதோ, படத்தின் விளிம்பில் பிதுங்கி நிற்பதும் அதே வண்ணம்தான்.