புயலுக்கு நிற்கும் மூங்கில் வீடு

2018-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரணியத்திற்கு அருகே கரையேறியது. தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருவாரூர், புதுக்கோட்டை ஜில்லாக்களில் தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்ததை நிலமுடையோர் மறந்திருக்கமாட்டார்கள். அதே இரவில் நம் வயல்களில் உழைப்போரின் குடிசைகளும் நமது மாட்டுக் கொட்டகைகளும் கூரையிழந்தன. "கல்வீடு கட்டப் பொருளில்லை, மூங்கில் வீடோ நில்லாது" என்று அநேகர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பின்னது சரியன்று. நல்ல மூங்கில் தானாக முறிவது அரிது. அது உளுத்துப்போவதாலும், கட்டு அவிழ்வதாலுமே வீடு விழுகிறது. இவ்விரண்டும் நம்மால் தடுக்கக்கூடியவை.

மூங்கிலின் நார்கள் நீளவாக்கில் ஓடுவதால் அது இழுவிசையை நன்கு தாங்கும், வளைந்து நிமிரும், எடையும் குறைவு. பூமி அதிரும்போது கட்டிடத்தைத் தாக்கும் விசை அதன் எடைக்குத் தக்கதாகையால், இலேசான வீட்டிற்கு அபாயம் குறைவு. கொலம்பியா தேசத்தில் 1999-ஆம் வருஷம் ஜனவரி 25-ஆம் தேதி நேர்ந்த பூகம்பத்தில் கம்பியிடாத செங்கற் கட்டிடங்கள் பல இடிந்தன. செவ்வனே பேணப்பட்டு வந்த, மூங்கிற் சட்டத்தின்மேல் பூச்சிட்ட வீடுகள் பல நின்றன. 2002-ல் அத்தேசத்துக் கட்டிட விதிகளில் அம்முறை சேர்க்கப்பட்டது.

ஆனால் பூகம்பத்தில் நன்மையாகும் இலேசு, புயலில் தீமையாகும். புயற்காற்று கூரையை அமுக்குவதைவிட மேலே தூக்குவதே அதிகம். ஆகையால் நம் கரையோர ஜில்லாக்களில் முகடு முதல் கடைக்கால் வரை ஒன்றோடொன்று பிணைப்பதே முதற்காரியம்.

இதை நான் கற்றது ஒரு பிழையால். கஜாவுக்குப்பின் ஒரு குடியானவருக்கு அவசரமாக மாட்டுக் கொட்டகை அமைக்க உதவினேன். மழைக்காலத்து இளமூங்கிலை வெட்டிய பச்சையாகவே மண்ணில் நாட்டினோம். இரண்டாம் வருஷம் கழிகளிலிருந்து மாவுபோல் தூள் உதிர்ந்தது. சாதாரணக் காற்றொன்றில் தூண்கள் அடியில் ஒடிந்து, கூரை விழுந்து ஒரு கன்று மாண்டது. குற்றம் மூங்கிலுடையதன்று, என்னுடையது.

வெட்டும் முறை: மூங்கில் ஒரே பருவத்தில் முழு உயரம் வளர்ந்துவிடும், வைரம் பாய மூன்று வருஷமாவது செல்லும். மடலும் வெண்பொடியும் நீங்கி, மேற்றோலில் பாசிப்புள்ளி படிந்த, மூன்று முதல் ஐந்து வருஷக் கழிகளையே தேர்க. மழைக்காலத்தில் வெட்டலாகாது. தை, மாசி மாதங்களில் வெட்டுவது நலம்.

பக்குவம் செய்தல்: கழியிலுள்ள மாச்சத்தே வண்டுகளை அழைக்கிறது. ஒரு மாதம் நீரில் அமிழ்த்தி வைத்தால் அதிற் பெரும்பகுதி கரைந்துவிடும். இதனினும் சிறந்தது, 100 லிட்டர் நீரில் வெண்காரம் 3 கிலோ, போரிக் அமிலம் 2 கிலோ கரைத்து, உட்கணுக்களை நீண்ட கம்பியால் துளைத்த கழிகளை ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து நிழலில் உலர்த்துவதாகும். அந்நீரைக் கால்நடைகள் குடிக்கவிடாதீர். வயலிலும் குளத்திலும் ஊற்றாதீர். மிகுந்தால் பயிருக்குக் கேடு.

அடித்தளம்: பக்குவப்படுத்தாத மூங்கில் மண்ணில் ஒன்று முதல் மூன்று வருஷமே நிற்கும். தரைக்குமேல் ஒன்றரை அடி உயரமான சிமெண்டுக் கட்டையில் அரையங்குல இரும்புக் கம்பியைப் பதித்து, அதைத் தூணின் உட்கூட்டில் நுழைத்துச் சாந்து நிரப்புக. கூடில்லாத கல்மூங்கிலாயின் இரும்புப் பட்டையால் பிணைக்கலாம்.

பிணைப்பு: ஆணி அடித்தால் மூங்கில் பிளக்கும். கணுவை அடுத்துத் துளையிட்டுத் திருகாணி பூட்டுக; அவ்விடத்துக் கூட்டைச் சாந்தால் நிரப்புக. ஒவ்வொரு சுவரிலும் மூலைவிட்டமாகக் குறுக்குக்கழி அவசியம். பிளாச்சுகளை அடித்த சுவரை இருபுறமும் பூசினால் உறுதி கூடும். தீ பற்றும் அபாயமும் குறையும்.

கூரை: இருபுறச் சரிவைக் காட்டிலும் நாற்புறச் சரிவு காற்றுக்கு நல்லது. இரண்டடி அகலத்திற்கு ஓரடிக்குச் சற்று மிகுந்த உயரம் போதுமானது. இறவாரம் மழையைத் தடுக்க வேண்டும். ஆயினும் ஒன்றரை அடிக்கு மேல் நீண்டால் காற்றுக்குப் பிடியாகும். கைமரம் ஒவ்வொன்றையும் உத்திரத்தோடும், உத்திரத்தைத் தூணோடும் கட்டுக. கீற்றாயின் மேலே கயிற்று வலையிடுக. ஐப்பசி பிறக்குமுன் வருஷந்தோறும் கட்டுகளைச் சோதித்து இறுக்குக.

இன்று நடும் தூறு கட்டிடத்திற்கேற்ற கழி தர ஐந்தாறு வருஷமாகலாம். புயலோ அதுவரை காத்திராது. ஆகவே வாய்க்கால் ஓரத்தில் தூறு உடைய மிராசுதார்கள், வருகிற தையில் முற்றிய கழிகளைத் தம் பண்ணையாட்களுக்கு உதவுவார்களாக. கிராம அதிகாரிகள் ஊருக்கொரு ஊறல்தொட்டி அமைக்க முயல்வார்களாயின், ஒரு தொட்டியே பல குடும்பங்களுக்கு உதவும்.